எட்டாயிரம் கோடிக்கு ஒரு கடிதம்



விலையைத் தொடாமல் இந்தப் பக்கத்தை எழுதினால் போடியிலிருந்து போன் வந்துவிடும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனபோது இந்தப் பக்கத்தில் ஆச்சரியப்பட்டோம். இரண்டு மூன்று வருடத்தில் அதே காய் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியபோது அழுதோம். இந்த மாதமும் விலையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஆனால் காய் விலை அல்ல, ஒரு கடிதத்தின் விலை. அதுவும் நம் நாட்டில் அல்ல, நூறு வருடத்துக்கு முந்தைய ஜெர்மனியில். எழுதச் சொன்னவர் தேவாரத்துக்காரர் என்பதால் பொறுத்துக்கொள்வீர்கள்.

அவர் நம் பழைய வாசகர். மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். பையனாக இருந்தபோது தபாலில் வரவழைத்த நூறு ஸ்டாம்ப் பாக்கெட்டில் தொடங்கிய பைத்தியம், இன்றைக்கும் விடவில்லை. மற்றவர்கள் இங்கிலாந்து, இலங்கை, பறவை, பூ என்று சேர்ப்பார்கள். இவர் சேர்ப்பது ஜெர்மனியின் பணவீக்கக் காலத் தபால்தலைகள் மட்டும். ஆல்பத்தைத் திறந்து, லென்சை என் கையில் கொடுத்து, ஒரு தலையைக் காட்டினார்.

“இதுல எவ்வளவு போட்டிருக்கு, சொல்லுங்க தம்பி.”

நடுவில் ஒரு வட்டம். சுற்றிலும் நெருக்கமான பூவேலை. வட்டத்துக்குள் தடித்த எழுத்தில் 50. “ஐம்பதுய்யா” என்றேன்.

“ஐம்பது என்ன? அடியில பாருங்க.”

மில்லியார்டன் என்று இருந்தது. ஒரு மில்லியார்டு நூறு கோடி. அப்படியென்றால் ஐம்பது மில்லியார்டு?

“ஐயாயிரம் கோடி மார்க்கு. சைபரா போட்டா பத்து சைபர் வேணும். தலையில இடம் பத்தாதுன்னு எழுத்துல போட்டுட்டான்” என்று சிரித்தார். இந்தக் கணக்கைப் பேச நம் பாஷைக்குச் சிரமமே இல்லை என்பதை அன்றைக்குக் கவனித்தேன். லட்சம் கோடி என்று டீக்கடையில்கூடச் சரளமாகப் பேசுகிறவர்கள் நாம். டெல்லி பட்ஜெட் அந்த அளவுக்கு நம்மைப் பழக்கிவிட்டிருக்கிறது.

அந்தத் தலை வெளிவந்த கதையைத் தேதி வாரியாகச் சொன்னால்தான் உறைக்கும். முதல் உலகப் போர் தொடங்கியபோது ஜெர்மனியில் ஒரு வெளியூர்க் கடிதத்துக்கு, 20 கிராம் எடைக்குள், 10 பென்னி ஒட்டினால் போதும். நூறு பென்னி ஒரு மார்க். போர் நடக்கும்போதே, 1916-ல் 15 பென்னி ஆனது. 1919-ல் 20. 1920 மே மாதம் 40. 1921 ஏப்ரலில் 60. இதுவரை ஒரு குடும்பஸ்தன் முணுமுணுத்துக்கொண்டே சமாளித்திருப்பான். 1922 ஜனவரி 1-ல் ஒரே தாவலாக 2 மார்க். அந்த வருடம் முடிவதற்குள் 3, 6, 12, 25 என்று ஏறியது. 1923 ஜனவரி நடுவில் 50. மார்ச்சில் 100. ஜூலையில் 300. ஆகஸ்ட் 1-ல் ஆயிரம் மார்க். அதே ஆகஸ்ட் 24-ல் இருபதாயிரம்.

இதற்குப் பிறகு தபால் இலாகாவுக்குத் தூக்கம் போயிருக்க வேண்டும். செப்டம்பர் 1-ல் 75,000. செப்டம்பர் 20-ல் இரண்டரை லட்சம். அக்டோபர் 1-ல் 20 லட்சம். பத்தாம் தேதி 50 லட்சம். இருபதாம் தேதி ஒரு கோடி. நவம்பர் மாதத்தில் மட்டும் ஐந்து முறை கட்டணம் மாறியது. 1-ஆம் தேதி 10 கோடி. 5-ஆம் தேதி 100 கோடி. 12-ஆம் தேதி 1,000 கோடி. 20-ஆம் தேதி 2,000 கோடி. 26-ஆம் தேதி 8,000 கோடி. டிசம்பர் 1-ல் 10,000 கோடி மார்க்.

நான்காம் தேதி எழுதிய கடிதத்தை மறந்துபோய் ஆறாம் தேதி தபால் பெட்டியில் போட்டால், ஒட்டிய தலை பத்தில் ஒரு பங்குதான் பெறும்.

காரணத்தைப் பலர் எழுதிவிட்டார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். போர்ச் செலவை வரி போட்டு எடுக்காமல் கடன் வாங்கியே ஜெர்மனி நடத்தியது. தோற்றபின் நட்ட ஈடு கட்ட வேண்டியிருந்தது. அது ஒழுங்காக வரவில்லை என்று 1923 ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் நிலக்கரியும் இரும்பும் நிறைந்த ரூர் பகுதிக்குள் படையோடு புகுந்தன. அங்கிருந்த தொழிலாளர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். அவர்களுக்கு அரசு கூலி கொடுத்தது. பணம்? அச்சடித்தது. அரசு அச்சகம் போதாமல் 130-க்கும் மேற்பட்ட அச்சகங்கள் நோட்டு அடித்தன. அதற்குக் காகிதம் செய்து கொடுக்க முப்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள் ஓடின. போருக்கு முன் ஒரு அமெரிக்க டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பர் 20-ல் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். எண் மாறவில்லை, பின்னால் லட்சம் கோடி வந்து சேர்ந்துகொண்டது. அந்தப் பின்னொட்டை அப்படியே வெட்டித்தான் ரென்டன்மார்க் என்ற புதிய பணத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு ரென்டன்மார்க். அந்தக் கணக்கில் 10,000 கோடி என்பது 10 பென்னி. போருக்கு முன்பு கடிதத்துக்கு என்ன விலையோ அதே விலை. இடையில் எத்தனை பேருடைய ஆயுள் சேமிப்பு ஒரு தபால்தலைக்குக்கூடப் பெறாமல் போனது என்பதைத் தபால் கட்டணப் பட்டியல் சொல்லாது.

தலைகளுக்கு வருகிறேன். எனக்கு அதிகம் பிடித்தவை மேலச்சுத் தலைகள். புதிதாகப் படம் வரைந்து அச்சுக்கட்டை செய்ய நேரம் இல்லாதபோது, கையிருப்பில் உள்ள பழைய தலையின் மேலேயே புதிய விலையை அடித்துவிடுவார்கள். ஐயாவின் ஆல்பத்தில் ஒன்று இருக்கிறது. அடியில் உள்ள அசல் விலை 5 பென்னி. அதன்மேல் கறுப்பில் 800 ஆயிரம், அதாவது எட்டு லட்சம் மார்க். காகிதம் அதே காகிதம், பசை அதே பசை. மதிப்பு மட்டும் ஒரு கோடியே அறுபது லட்சம் மடங்கு. பக்கத்தில் இன்னொன்று, 200 மார்க் தலையின் மேல் 20 லட்சம். அதோடு விடவில்லை. மேலே சொன்ன பூவேலைத் தலைகள் வந்த சில வாரத்திலேயே அவற்றின் லட்சங்களும் கோடிகளும் செல்லாக்காசாகி, அவற்றின் மேலும் மில்லியார்டு என்று அடித்தார்கள்.

1921-ல் ஜெர்மன் குடியரசு தன் தபால்தலைகளில் கிரீடம் சூடிய ஜெர்மானியா என்ற உருவகப் பெண்ணை எடுத்துவிட்டு உழைப்பாளிகளைப் போட்டது. சம்மட்டி அடிக்கும் கொல்லர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், கதிர் அறுப்பவர்கள், ஏர் உழுகிறவன். நல்ல எண்ணம்தான். ஆனால் சனிக்கிழமை வாங்கிய கூலி திங்கட்கிழமை ரொட்டிக்குக் காணாது என்ற காலத்தில் அவர்கள் படத்தைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? வாரக்கூலியை நம்பி விடியற்காலையில் ஜீப் ஏறி மலைக்குப் போகிற நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

லென்சை ஓரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார் ஐயா. சாதாரணத் தலைக்கு ஓரத்தில் வட்டத் துளைகள் இருக்கும், கிழித்தால் பல் பல்லாக வரும். சில மில்லியார்டுத் தலைகளில் துளை கிடையாது. காகிதத்தை ரம்பப்பல் வடிவத்தில் கீறி மட்டும் விட்டிருக்கிறார்கள். துளை போடுகிற அளவுக்குக்கூட அவகாசமில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் காகிதத்துக்குள் கட்டம் கட்டமாக வாட்டர்மார்க் தெரியும். அந்தக் கட்டங்களுக்கு ஜெர்மன் சேகரிப்பாளர்கள் வாஃபிள் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தக் குறி எது, அச்சு உருளையில் அடித்ததா தட்டில் அடித்ததா, ஓரம் துளையா கீறலா என்பதையெல்லாம் பார்த்துத்தான் ஒன்றுபோல் தெரிகிற இரண்டு தலைகளைப் பிரிப்பார்கள். எட்டு எம்.எம். காயையும் ஏழு எம்.எம். காயையும் கண்பார்வையிலேயே பிரித்துப் போடும் போடி அக்காமார்களை உட்கார வைத்தால் பத்து நாளில் தேறிவிடுவார்கள் என்பது என் கட்சி.

இனி வருவதுதான் இந்தப் பக்கத்தை எழுத வைத்த விஷயம்.

ஐயாயிரம் கோடி மார்க் தலை, முத்திரை விழாத புதுத்தலை, இன்று ஒரு டீ வடை காசுக்கே கிடைக்கும். காரணம் எளிது. தலை அச்சாகி ஊர் ஊராகப் போய்ச் சேர்வதற்குள் கட்டணம் அதைத் தாண்டிப் போய்விட்டது. தாள் தாளாக மிஞ்சியதை வியாபாரிகள் வாங்கி, உலகம் முழுக்க சின்னப் பையன்களின் பாக்கெட்டுகளில் போட்டு விற்றார்கள். என் தலைமுறையில் ஸ்டாம்ப் சேர்த்த எல்லோரிடமும் ஒரு மில்லியன் மார்க் தலையாவது இருந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு வகுப்பில் பணக்காரனாகத் திரிந்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் அதே தலை, உண்மையான கடிதத்தில் ஒட்டி, அந்தத் தேதி முத்திரை விழுந்து, போய்ச் சேர்ந்ததாக இருந்தால் விலை பல மடங்கு. பொதுவாகத் தபால்தலை உலகில் புதுத்தலைக்குத்தான் மரியாதை. இங்கே கதை தலைகீழ். நான்கு நாள், ஆறு நாள் மட்டுமே நடைமுறையில் இருந்த ஒரு கட்டணத்துக்கு எத்தனை கடிதம் போயிருக்கும்? அதில் எத்தனை உறை அடுப்புக்குப் போகாமல் தப்பியிருக்கும்? “ஸ்டோர்ல கிடக்குற காய்க்கு விலை ஏது தம்பி? ஏலத்துல போன காய்க்குத்தான விலை” என்றார் ஐயா. கணக்குப்பிள்ளை புத்தி.

புதுத்தலை மலிவு, முத்திரைத்தலை அருமை என்றால் திருட்டுக்குச் சொல்லித்தர வேண்டுமா? மலிவான புதுத்தலையை வாங்கி, போலி முத்திரை செய்து, 1923 நவம்பர் என்று தேதி போட்டு அடித்துவிடுகிறார்கள். அதனாலேயே பெர்லினில் 1932-ல் தொடங்கிய இன்ஃப்லா பெர்லின் என்ற சங்கம், பணவீக்கக் காலத்துத் தலைகளையும் முத்திரைகளையும் சோதிப்பதையே பெரிய வேலையாகச் செய்துவருகிறது. தலையின் முதுகில் அவர்களுடைய பரிசோதனைக் குறி இருந்தால்தான் விவரம் தெரிந்தவர்கள் காசை எடுப்பார்கள். தபால்தலை வாங்கிப் பணக்காரர் ஆனவரை நான் பார்த்ததில்லை. விற்றுப் பணக்காரர் ஆனவர்கள் உண்டு. முதலீடு என்று யாராவது உங்களிடம் ஆல்பத்தை நீட்டினால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

ஐயா வைத்திருக்கும் உறைகளில் ஒன்று 1923 நவம்பர் கடைசி வாரத்தது. அதில் ஒட்டியிருப்பது ஒரே ஒரு 20 மில்லியார்டுத் தலை. 2,000 கோடி. ஆனால் அப்போதைய கட்டணம் 8,000 கோடி. குறைவாக ஒட்டி ஏமாற்றிவிட்டானா என்று கேட்டேன். இல்லையாம். நவம்பர் 26 முதல் 30 வரை ஜெர்மன் தபால் நிலையங்கள் எல்லாத் தலைகளையும் அச்சிட்ட விலையைப்போல் நான்கு மடங்குக்கு விற்றன. மேலச்சு அடிக்கக்கூட நேரமில்லாமல், வாயாலேயே விலையை ஏற்றிவிட்டார்கள். அந்த ஐந்து நாள் தேதி முத்திரை இருந்தால்தான் கணக்கு நேராகும். தேதி தெரியாவிட்டால் அது வெறும் 2,000 கோடித் தலை. இன்னும் சில உறைகளில் தலையே இருக்காது. கட்டணம் ரொக்கமாகப் பெறப்பட்டது என்று ஒரு முத்திரை மட்டும் இருக்கும். உறை கொள்ளாமல் முன்னும் பின்னும் தலைகளை ஒட்டி, முகவரிக்கு மட்டும் ஜன்னல்போல் இடம் விட்ட கடிதங்களும் உண்டு.

ஜெர்மன்காரன் கதை நமக்கெதற்கு என்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஏலக்காய்க்காரர்களுக்கு ஜெர்மன்காரன் அந்நியன் அல்ல. முதல் உலகப் போரை ஒட்டிய காலத்தில் குவாத்தமாலா நாட்டில் காபித் தோட்டம் வைத்திருந்த ஆஸ்கர் மாயுஸ் க்ளோஃபர் என்ற ஜெர்மானியர்தான் நம் நாட்டு ஏலத்தை அங்கே கொண்டுபோய் நட்டார். இன்று உலகத்தில் அதிகம் ஏலக்காய் ஏற்றுமதி செய்வது அந்த நாடு. அங்கே விளைச்சல் கூடினால் இங்கே போடி ஏலத்தில் முகம் வாடுகிறது.

அடுத்தது, செல்லாத பணம். தமிழர்கள் இதை ஜெர்மனியிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த பிறகு மலாயாவில் ஜப்பானியர்கள் சொந்தமாக டாலர் நோட்டு அடித்தார்கள். பத்து டாலர் நோட்டில் வாழைக்குலை படம் இருந்ததால் வாழைப்பழக் காசு என்றே பெயர். முதலில் வந்த நோட்டுகளுக்கு எண் இருந்தது. போகப்போக எண் போடுவதையும் விட்டுவிட்டார்கள், எழுத்து மட்டும். தோன்றியபோதெல்லாம் அடித்தால் எண் எதற்கு? ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள் அந்தக் காசில் கூலி வாங்கினார்கள், அந்தக் காசில் அரிசி வாங்க முடியாமல் மரவள்ளிக் கிழங்கு தின்றார்கள். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் மூட்டை மூட்டையாக அது குப்பை. பர்மாவில் இதே கதை ரூபாய் நோட்டில் நடந்தது.

மலாயாவிலும் மேலச்சுத் தலைகள் உண்டு. பழைய பிரிட்டிஷ் மலாயாத் தலைகளின் மேல் டாய் நிப்பன் 2602 மலாயா என்று அடித்திருப்பார்கள். 2602 என்பது ஜப்பானிய ஆண்டுக் கணக்கு, நமக்கு 1942. தென்மாவட்டத்தில் மலாயாவுக்கு ஆள் போகாத ஊர் குறைவு. எந்த வீட்டுத் தகரப் பெட்டியில் அப்படி ஓர் உறை கிடக்கிறதோ, யார் கண்டது.

இன்னொரு சங்கிலி. ஆசாத் ஹிந்த் என்ற பெயரில் நேதாஜியின் இயக்கத்துக்காக 1943-ல் தபால்தலைகள் அச்சாயின. ஏர் உழும் விவசாயி, ராட்டை நூற்கும் பெண், அடிபட்ட வீரனுக்குக் கட்டுப்போடும் நர்ஸ், அறுந்த விலங்கோடு இந்திய வரைபடம். அச்சிட்டது பெர்லினில் இருந்த ஜெர்மன் அரசு அச்சகம், இருபது வருடத்துக்கு முன் மில்லியார்டுத் தலைகளை அச்சிட்ட அதே அச்சகம். வரைந்தவர்கள் ஆக்ஸ்டர் ஹாய்ட்லாஸ் என்ற ஜெர்மன் தம்பதி. அந்தத் தலைகள் ஒரு கடிதத்திலும் ஒட்டி ஓடவில்லை. இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் ஊருக்கு எழுதியிருக்க வேண்டிய கடிதங்களுக்கான தலைகள் அவை.

இந்தியத் தபாலைப் பற்றியும் ஒரு வரி. ஜெர்மனியில் கட்டணம் மார்க்கில் தாவிக்கொண்டிருந்த அதே 1922-ல் இங்கே போஸ்ட் கார்டு காலணாவிலிருந்து அரையணாவுக்கும், கடிதம் அரையணாவிலிருந்து ஓரணாவுக்கும் ஏறின. ஏழைகள் கடிதம் எழுதுவதையே வெள்ளைக்காரன் நிறுத்திவிட்டான் என்று அப்போது பேச்சு எழாமலா இருந்திருக்கும்? அதற்கு முந்தைய வருடம் ஓரணாத் தலையின் மேல் ஒன்பது பை என்று மேலச்சு அடித்தபோது, சில தாள்களில் ஒன்பது பை என்பதற்குப் பதில் ஒன்பது ஒன்பது என்று விழுந்துவிட்டது. அந்தப் பிழைக்குச் சேகரிப்பாளர்களிடம் இன்றும் தனி மவுசு. 1971 நவம்பரில் வங்கதேச அகதிகளுக்காகக் கடிதத்துக்கு ஐந்து காசு கூடுதலாக ஒட்டச் சொன்னது நம் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். குடும்பக் கட்டுப்பாடு தலையின் மேல் அகதிகள் நிவாரணம் என்று அடித்துக் கொடுத்தார்கள். பக்கத்து இலங்கையில் 2022 ஆகஸ்டில் சாதாரணக் கடிதத்துக்கான கட்டணம் 15 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 50 ஆனது. ஜெர்மனியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. சம்பளம் ஏறாதவனுக்கு அந்த ஒப்பீடு ஆறுதலுமில்லை.

கடைசியாக நம் மலை. தேவாரத்தில் நின்று மேற்கே நிமிர்ந்தால் தெரிகிற முகடு அந்தக் காலத்தில் இன்னொரு ராஜ்யத்தின் எல்லை. சாக்குலூத்து மெட்டுப் பாதையில் (ரோடு கேட்டு நாம் எழுதிய தலையங்கங்களை அடுக்கினால் அதுவே ஒரு மெட்டு உயரம் வரும்) ஏலத்தோட்டத்துக்கு ஏறிப்போனவர்கள் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து திருவிதாங்கூருக்குள் போனார்கள். கீழே அணாவும் பையும். மேலே சக்கரமும் காசும். 16 காசு ஒரு சக்கரம், இருபத்தெட்டரைச் சக்கரம் ஒரு பிரிட்டிஷ் ரூபாய். திருவிதாங்கூருக்கு அஞ்சல் என்று சொந்தத் தபால் இலாகா, 1888 முதல் சங்கு படம் போட்ட சொந்தத் தபால்தலை, காகிதத்துக்குள்ளும் சங்கு வாட்டர்மார்க், சலங்கை கட்டிய கோலோடு ஓடும் அஞ்சல்காரர். 1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றானபோது பழைய காசு, சக்கரத் தலைகளின் மேல் பை, அணா என்று மேலச்சு அடித்தார்கள். ஆறு காசுத் தலை இரண்டு பை ஆனது. எழுத்து சாய்ந்தது, விட்டுப்போனது, தலைகீழானது என்று அதில் பிழைகள் எக்கச்சக்கம். 1951 ஏப்ரல் 1-ல் அஞ்சல் இலாகா இந்தியத் தபாலோடு கலந்தது.

அந்த மலையில் வேலை பார்த்தவர்கள் தமிழர்கள். எழுதத் தெரியாதவர்களுக்குக் கணக்குப்பிள்ளைகள் எழுதிக் கொடுத்தார்கள். மேலேயிருந்து கீழே கடிதம் வந்திருக்கும். ஜெர்மனியின் 8,000 கோடி உறைக்கு பெர்லினில் சங்கம் இருக்கிறது, பரிசோதகர் இருக்கிறார். உடும்பன்சோலைப் பக்கத்து அஞ்சல் முத்திரையோடு தேவாரத்துக்கும் போடிக்கும் வந்த உறைகளைத் தேட யாரும் இல்லை. ஐயாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “எங்க அப்பா காலத்துக் கடுதாசியெல்லாம் கம்பியில குத்திக் கிடந்துச்சு. ஸ்டாம்பை மட்டும் நனைச்சு உரிச்சுக்கிட்டு மிச்சத்தைக் கொளுத்திட்டேன்” என்றார்.

அவரைக் குறைசொல்ல முடியாது. எழுபது எண்பதுகளில் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் போடு, உரித்து எடு, செய்தித்தாளில் காய வை, ஆல்பத்தில் ஒட்டு.

இப்போது வீட்டில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். தீன் தயாள் ஸ்பர்ஷ் என்ற பெயரில் 2017 முதல் தபால்துறை தபால்தலை சேகரிக்கும் மாணவர்களுக்கு வருடம் 6,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. பள்ளியில் தபால்தலை மன்றம் இருக்க வேண்டும், அல்லது பிள்ளையின் பெயரில் தபால்தலை வைப்புக் கணக்கு இருக்க வேண்டும். கணக்குத் தொடங்க 200 ரூபாய் போதும். நம் பக்கத்துப் பள்ளிகளில் எத்தனை தலைமையாசிரியர்கள் இதற்கு விண்ணப்பம் வாங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. சென்னையில் 1956 முதல் இயங்கும் தென்னிந்தியத் தபால்தலைச் சேகரிப்பாளர் சங்கம் மாதிரி ஒன்று தேனி மாவட்டத்துக்கு வேண்டும் என்று ஐயா சொல்கிறார். முதல் கூட்டத்துக்கு நம் அலுவலகத் திண்ணை இருக்கிறது. டீ நம் செலவு.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது பழைய கடிதக்கட்டு, மணியார்டர் துண்டு, மலாயா, பர்மா, இலங்கை உறை, சங்கு போட்ட அஞ்சல் கார்டு எது கிடைத்தாலும் கொளுத்த வேண்டாம். தலையை உரிக்கவும் வேண்டாம். உறையும் தேதியும் ஊர் முத்திரையும் சேர்ந்திருந்தால்தான் அது கடிதம். அப்படியே எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். உள்ளே இருக்கும் சங்கதி உங்கள் வீட்டு விஷயம், அதைப் பிரிக்க மாட்டோம். உறையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு, உங்கள் கண்ணெதிரிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். சேர்ந்ததை வைத்து சித்திரை இதழில் நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்